சீனிச்சாமி வண்டிக்கு நான் ஊற்றிய ஆயில்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று தயங்கித் தயங்கியே எத்தனையோ வருஷம் போய்விட்டது. இந்தத் தொடரை எழுத ஒப்புக்கொண்ட அன்றே, இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடுவது என்றுதான் மனதுக்குள் முடிவு செய்திருந்தேன்.

ஆனால் நாலைந்து வாரத்துக்கு முன்னால், பட்டாசுக் கம்பெனியில் பிக்கப் ஓட்டிய காலத்தைப் பற்றி எழுதும்போது, "மைலேஜில் என்னை அடிக்க ஆள் கிடையாது" என்று வாய்க்கொழுப்பாக ஒரு வரி எழுதிவிட்டேன். அதைப் படித்துவிட்டு மூன்று பேர் கடிதம் போட்டிருக்கிறார்கள். என்ன ஆயில் ஊற்றினீர்கள், எப்படி ஓட்டினீர்கள், எங்களுக்கும் சொல்லுங்கள் என்று. அதில் ஒருவர் சொந்தமாகப் பிக்கப் வாங்கிக் காய்கறி லோடு அடிப்பவராம். "உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்" என்று கடைசியில் எழுதியிருந்தார்.

அந்த வரியைப் படித்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சொல்கிறேன் ஐயா. ஆனால் ஆயிலைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல எனக்கு வராது. ஆயிலைச் சொன்னால் சீனிச்சாமியைச் சொல்லியாக வேண்டும். அம்மனை மனதில் நினைத்துக்கொண்டு, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் எங்கள் கம்பெனிக்குத் திரும்புகிற பாதையில் ஒரு மாரியம்மன் கோயில் உண்டு. சின்னக் கோயில். ஒரு வேம்பு, ஒரு சூலம், முன்னால் கருத்துப்போன பலிபீடம். சுற்றிலும் கருவேலங்காடு.

அன்று செவ்வாய்க்கிழமை. வெயில் இன்னும் ஏறவில்லை. ஆள் ஏற்றி வந்த பிக்கப் கோயில் முன்னால் நின்றது. வேலைக்குப் போகிற பெண்கள் இருபது பேரும் இறங்கி, தூக்குவாளியோடு ஓரமாக நின்றார்கள். முதலாளி காரில் வந்து இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு வேம்படியில் நின்றார்.

சீனிச்சாமி பம்புசெட்டில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தார். அவர் என்னோடு வேலை பார்த்த இன்னொரு டிரைவர். பழக்கத்தில் நாங்கள் ஒருவரை ஒருவர் 'மாப்ளே' என்று கூப்பிட்டு, வாடா போடா என்றுதான் பேசுவோம். இங்கே 'அவர்' என்று எழுதுகிறேன். அந்த மரியாதையையாவது இப்போது கொடுக்கலாம் அல்லவா.

பூசாரி பலிபீடத்தில் வெற்றிலை வைத்து, அதன்மேல் கற்பூரத்தை வைத்து ஏற்றினார். எங்கள் பக்கம் ஒருவன் மேல் பழி விழுந்து, அவன் இல்லை என்று மறுத்தால், எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். நிறையப் பேர் செய்து பார்த்திருக்கிறேன். கண்ணை மூடி, பட்டென்று ஒரு அடி அடித்து, கையை எடுத்துவிடுவார்கள். அவ்வளவுதான். ஒன்றும் ஆகாது.

சீனிச்சாமி அப்படிச் செய்யவில்லை. உள்ளங்கையை அந்தத் தீயின் மேல் வைத்தார். வைத்தபடியே பேசினார்.

"தாயே, கம்பெனி வண்டியிலருந்து ஒரு சொட்டு டீசல் நான் எடுத்திருந்தா, எம் புள்ளகுட்டி வெளங்காமப் போகட்டும். எடுக்கலேன்னா, பேசுனவுக வாய நீ பாத்துக்கோ."

அந்த ரெண்டு பேச்சும் முடிகிற வரைக்கும் கை அங்கேயே இருந்தது. கற்பூரப் புகை விரலிடுக்கு வழியாக வந்தது. நான் அவருக்கு மூன்றடி பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவர் எடுக்கவில்லை என்பது அங்கே நின்ற மனிதர்களில் அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும்.

அவர் கையை எடுத்ததும் என்ன ஆயிற்று என்று சொல்வதற்கு முன்னால், அவர் அங்கே வந்து நிற்க வேண்டி வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

இரண்டு வண்டி

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருக்கும். எங்கள் கையிலெல்லாம் பட்டன் போன்கூட வந்திராத சமயம். தீபாவளி சீசனுக்கு முன்னால் முதலாளி ஒரே மாசத்தில் இரண்டு டீசல் பிக்கப் எடுத்தார். இரண்டும் ஒரே மாடல், ஒரே வெள்ளை நிறம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, ஒரு சாவியை என் கையிலும் ஒரு சாவியைச் சீனிச்சாமி கையிலும் கொடுத்தார்.

எனக்குச் சரக்கு வண்டி. சிவகாசி அச்சாபீஸ்களிலிருந்து லேபிள் கட்டுகளும் அட்டைப்பெட்டிகளும் ஏற்றிவருவேன். சில நாள் விருதுநகர் வரை போவேன். அட்டைப்பெட்டி பார்க்கத்தான் மலைபோல இருக்கும், எடை கிடையாது. ஏறி உட்கார்ந்தால் நிற்காமல் ஒரே ஓட்டம்.

சீனிச்சாமிக்கு ஆள் வண்டி. பின்னால் பலகை அடித்து, மேலே தார்ப்பாய் கட்டி, காலையில் ஆறு ஊரில் நின்று நின்று ஆள் ஏற்றி வர வேண்டும். சரக்கு வண்டியில் அப்படி ஆள் ஏற்றக் கூடாதுதான். அன்றைக்கு எங்கள் பக்கம் ஏற்றினார்கள். நாங்களும் ஏற்றினோம்.

அந்த ஆறு ஊரில் ஒரு ஊரில் முனியம்மாக்கா என்று ஒருவர். ஒருநாளும் நேரத்துக்கு வரமாட்டார். சீனிச்சாமி வண்டியை உறுமவிட்டபடியே காத்திருப்பார். ஒரு வருஷத்திலேயே அந்த வண்டியின் செல்ப் மோட்டார் மக்கர் பண்ண ஆரம்பித்திருந்தது. அணைத்தால் திரும்பக் கிளம்புவது அம்மன் விட்ட வழி. அதனால் எஞ்சினை அணைக்க மாட்டார்.

ஒருநாள் என் வண்டி பழுதாகி நானும் அதில் ஏறிப் போனேன். முனியம்மாக்கா புடவை முந்தானையைச் சொருகிக்கொண்டு ஓடி வருகிறார்.

"ஏக்கா, நீ வந்து சேர்றதுக்குள்ள தீவாளியே முடிஞ்சிரும் போலருக்கே!" என்றார் சீனிச்சாமி.

"ஒனக்கென்னலே, சக்கரம் சுத்துனாச் சம்பளம். நான் நாலு புள்ளைகளுக்குச் சோறு கட்டிட்டுல்ல வாறேன்."

"எனக்கும் ஒரு வாளி கட்டிக் கொண்டாந்தா இன்னும் பத்து நிமிசம் சேத்து நிப்பேன்."

"ஒம் பொண்டாட்டி வெஞ்சனம் அம்புட்டு மோசமாவா இருக்கு?"

வண்டி முழுக்கச் சிரிப்பு. அலுமினியப் பொடி ஏறி வெள்ளியாய் மினுங்குகிற விரல்களால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நான் சொன்னேன், "விட்டுட்டுப் போ மாப்ளே, ஒருநாள் விட்டாத்தான் மறுநாள் நேரத்துக்கு வரும்." அவர் சொன்னார், "ஒருநாள் விட்டா ஒருநாள் கூலி போயிருமேடா."

மைலேஜ் அவருக்கு அங்கேதான் போனது. ஒரு பங்கு அங்கே. இன்னொரு பங்கு என்னிடம்.

டின்னும் பேரலும்

டிரைவர் ஆவதற்கு முன்னால் நான் சாத்தூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவன். அதனால் இரண்டு வண்டிக்கும் ஆயில் மாற்றுகிற வேலையை முதலாளி என்னிடம் விட்டிருந்தார்.

கம்பெனி ஷெட்டில் ஒரு பேரல் ஆயில் கிடந்தது. ஜெனரேட்டருக்கும் டிராக்டருக்கும் என்று எப்போதோ வாங்கியது. நல்ல கெட்டி. குவளையில் அள்ளி ஊற்றினால் கருப்பட்டிப் பாகுபோல இழுத்துக்கொண்டு விழும். "நம்ம வெயிலுக்குக் கெட்டி ஆயில்தாம்ப்பா நிக்கும்" என்பது முதலாளியின் எண்ணம். எங்கள் ஊரில் பாதிப் பேரின் எண்ணமும் அதுதான்.

மெக்கானிக் தங்கமணி அண்ணன்தான் முதலில் கண்டித்தார். வண்டியோடு வந்த புத்தகத்தை விரித்து வைத்து, "ராமரு, இங்கன பாரு. ஆயிலோட கெட்டி நம்பரு பதினஞ்சு நாப்பதுன்னு போட்டிருக்கான். நீ ஊத்துறது இருவது அம்பது, அதுலயும் பழசு. காலைல எஞ்சின் குளுந்து கெடக்கும்போது இந்தக் கெட்டி ஆயிலு மேல ஏறவே நேரமாகும். உள்ள சுத்துறதெல்லாம் சகதிக்குள்ள நடக்கிற மாதிரி நடக்கும். டீசல் திங்காம என்ன செய்யும்?" என்றார்.

நான் போய் முதலாளியிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "சரி, டின்னு ஆயிலே வாங்கு. ரெண்டுக்கும் மாத்து" என்றார்.

ரெண்டுக்கும் என்றுதான் சொன்னார். அது என் காதில் தெளிவாக விழுந்தது.

சிவகாசிக் கடையில் அன்று அந்த ரகத்தில் ஒரே ஒரு டின்தான் இருந்தது. இன்னொன்று அடுத்த வாரம் வரும் என்றார்கள். நான் அந்த ஒன்றை வாங்கி வந்தேன். இரண்டு வண்டியிலும் பழைய ஆயிலை இறக்கியாகிவிட்டது. டின் ஆயிலை என் வண்டிக்கு ஊற்றினேன். பேரலின் அடியில் கிடந்ததை ஒரு வாளியில் பிடித்துச் சீனிச்சாமி வண்டிக்கு ஊற்றினேன்.

அவர் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து காராச்சேவு தின்றுகொண்டிருந்தார். காகிதத்தை என் பக்கம் நீட்டி, "புது ஆயிலா மாப்ளே?" என்று கேட்டார்.

"புதுசுதான்" என்றேன். அவர் கொடுத்த சேவையும் வாங்கித் தின்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது என் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அடுத்த வாரம் டின் வந்ததும் மாற்றிவிடலாம் என்றுதான் இருந்தேன். நம் வண்டிக்கு முதலில், மற்றவன் வண்டிக்குப் பிறகு. அவ்வளவுதான் நினைத்தேன். பாவம் என்பது கொம்பு முளைத்து வரும் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

அந்த வாரத்திலேயே முதலாளி ஒரு போட்டி வைத்தார். இரண்டும் ஒரே வண்டி, எது மைலேஜ் கூடக் கொடுக்கிறதோ அந்த டிரைவருக்கு ஆயுத பூஜை அன்று எல்லார் முன்னாலும் ஒரு சுவர்க்கடிகாரம். தானே பெட்ரோல் பங்குக்கு வந்து, டேங்க் நிரப்பி, மீட்டரைக் குறித்துக்கொண்டு போனார்.

சொன்னபடி அடுத்த வாரம் இரண்டாவது டின்னும் வந்தது. மஞ்சள் நிற டின். அதை வாங்கி வந்து என் சீட்டுக்குப் பின்னால் வைத்தேன். போட்டி முடியட்டும், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று.

கடிதம் போட்டவர்களுக்கு

நீங்கள் கேட்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் மந்திரம் எதுவும் வைத்திருக்கவில்லை. வண்டியோடு வருகிற புத்தகத்தில் எந்த ஆயில் போட்டிருக்கிறதோ அதை ஊற்றுங்கள். கெட்டியாக இருந்தால் எஞ்சினுக்கு நல்லது என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அதைவிட நீர்த்ததும் வேண்டாம். மாற்றவேண்டிய கிலோமீட்டர் வந்தால் மாற்றிவிடுங்கள், இன்னும் ஒரு லோடு, இன்னும் ஒரு லோடு என்று இழுக்காதீர்கள். ஏர் பில்டரைத் தட்டித் துடைத்து வையுங்கள். எங்கள் ஊர்ப் புழுதிக்கு அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

டயரில் காற்று குறைந்தால் டீசல் கூடும். கிளட்ச் மேல் சும்மா காலை வைத்துக்கொண்டு ஓட்டுகிற பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு, அதை விடுங்கள். முன்னால் ஒரு பஸ் நிற்பது தெரிந்தால் அதன் பின்னால் போய்ப் பிரேக் அடிக்காமல், முன்கூட்டியே காலைத் தளர்த்திக்கொள்ளுங்கள். முட்டை ஒன்றைப் பாதத்துக்கு அடியில் வைத்திருப்பதுபோல ஆக்சிலேட்டரை மிதியுங்கள். நிற்க வேண்டியிருந்தால் எஞ்சினை அணையுங்கள். செல்ப் கெட்டிருந்தால் அதை முதலில் சரிபண்ணுங்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். பாலத்து இறக்கத்தில் எஞ்சினை அணைத்து நியூட்ரலில் விடுவது. நானும் அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்து ஒரு வருஷம் செய்தேன். ஒருநாள் குறுக்கே ஆட்டுக்கூட்டம் வந்துவிட்டது. எஞ்சின் அணைந்திருந்தால் பிரேக் கல்போல இறுகிவிடும். இரண்டு காலாலும் ஏறி மிதித்து, கடைசி ஆட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் வண்டி நின்றது. தங்கமணி அண்ணன் கேள்விப்பட்டுத் திட்டினார். "ஏலே, கியர்ல இருக்கும்போது காலை எடுத்தாலே டீசல் தன்னால குறைஞ்சிரும். நீ அணைச்சுத்தான் மிச்சம் பிடிக்கணுமாக்கும்?" அன்றோடு விட்டேன்.

இவ்வளவுதான். இதில் சீனிச்சாமிக்குத் தெரியாதது ஒன்றும் கிடையாது. என்னைவிட அவர் பாதம் மென்மையானது. பின்னால் பலகையில் உட்கார்ந்திருக்கிற பெண்களுக்கு அலுங்காமல் ஓட்டுகிறவர் அவர்.

முதலாளி கேட்டது

மாசம் முடிந்து முதலாளி எங்கள் இருவரையும் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஆர்டர் தாள்கள் பறக்காமல் இருக்க ஒரு சின்னப் பிள்ளையார் சிலையை அவற்றின் மேல் வைத்திருந்தார்.

"ராமரு வண்டி லிட்டருக்குப் பதினாலு குடுத்திருக்கு. சீனிச்சாமி வண்டி பத்தரை. ரெண்டும் ஒரே வண்டிதானப்பா. இவ்வளவு வித்தியாசம் எப்படி வரும்?"

சீனிச்சாமி சொன்னார், "நான் நின்னு நின்னு ஆள் ஏத்துறேன் மொதலாளி. லோடும் எனக்கு அதிகம்."

"அதுக்கு ஒண்ணு ஒண்ணரை போகட்டும். மிச்சம்?"

அப்புறம் என்னைப் பார்த்தார். நான் கோயில் குளம் என்று போகிறவன், நெற்றியில் திருநீறு இல்லாமல் வண்டியில் ஏறாதவன் என்பதால் என் சொல்லுக்கு அவரிடம் ஒரு மதிப்பு இருந்தது.

"ஏம்ப்பா, ரெண்டுக்கும் ஒரே ஆயில்தான ஊத்துன?"

எனக்கு அப்போது இரண்டு வழி இருந்தது. 'இல்லை மொதலாளி, ஒரு டின்தான் கிடைத்தது' என்று சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பார். ஒரு வசவோடு போயிருக்கும். இரண்டாவது டின் ஏன் மூன்று வாரமாக உன் சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது என்று கேட்பாரே என்ற பயம்தான் என்னைத் தடுத்தது.

"ஒரே ஆயில்தான் மொதலாளி" என்றேன். பிள்ளையார் சிலைக்கு எதிரே நின்று சொன்னேன்.

முதலாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அப்ப மிச்ச டீசல வண்டி குடிக்கல. வேற யாரோ குடிச்சிருக்காக."

அந்தக் காலத்தில் ரோட்டோரக் கடைகளில் டியூப் போட்டு டீசல் உறிஞ்சி விற்கிற டிரைவர்கள் சிலர் இருந்தார்கள். அதனால் அந்தப் பழி லேசாக ஒட்டிக்கொள்ளும்.

"மொதலாளி, நான் அப்பிடிப்பட்ட ஆளா?" என்றார் சீனிச்சாமி.

"நான் சொல்லலப்பா. வண்டி சொல்லுது."

"அப்ப நான் அம்மன்ட்ட சொல்லிக்கிறேன். செவ்வாக்கெழம வந்து நீங்களே பாருங்க."

உள்ளங்கை

இனி அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

அவர் கையை எடுத்தபோது கற்பூரம் அணைந்திருந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். முதலாளிகூடத் தலையை ஆட்டிவிட்டுக் காரில் ஏறினார். அத்தோடு முடிந்தது என்று எனக்குப் பெருமூச்சு வந்தது. அம்மா, காப்பாற்றிவிட்டாய் என்று நினைத்தேன். அவரை அல்ல, என்னை.

கம்பெனி கேட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அவர் உள்ளங்கையில் நெல்லிக்காய் பருமனுக்குக் கொப்புளம் எழும்பிவிட்டது. ஸ்டீரிங்கைப் பிடிக்க முடியாமல் விரல் நுனியால் பிடித்து வந்தார். இறங்கும்போது பெண்கள் அதைப் பார்த்துவிட்டார்கள்.

உண்மை பேசினால் கற்பூரம் சுடாது என்பது எங்கள் பக்க நம்பிக்கை. கை கொப்பளித்தால் அம்மன் ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். அவர் கையை எவ்வளவு நேரம் வைத்திருந்தார் என்பதை யாரும் யோசிக்கவில்லை. மடியில் கனம் இல்லாத மனுஷன், பட்டென்று எடுக்க வேண்டும் என்று தோன்றாமல் வைத்திருந்தார். திருடியவனாக இருந்தால் பயந்து சட்டென்று எடுத்துத் தப்பித்திருப்பான்.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் கம்பெனி முழுக்கப் பேச்சாகிவிட்டது. "கை வெந்துபோச்சாம்ல." சாயந்தரத்துக்குள், டீசல் விற்றுத்தான் வீட்டுக்கு ஓடு மாற்றினான் என்றார்கள். ஒரு வாரத்தில் அது பேரல் பேரலாக விற்றான் என்று ஆனது. ஒவ்வொரு வாயும் கொஞ்சம் சேர்த்தது. முனியம்மாக்கா மட்டும், "அவன் அப்படிச் செய்யிற புள்ள இல்ல" என்று சொல்லிப் பார்த்தார். பிறகு அவரும் பேசாமல் இருந்துவிட்டார்.

மூன்றாம் நாள் சீனிச்சாமி ஷெட்டுக்குப் பின்னால் என்னிடம் வந்தார். கையில் துணி சுற்றியிருந்தது.

"மாப்ளே, ஒண்ணு கேக்கேன். நான் எடுக்கலடா. பெறகு ஏன் சுட்டுச்சு?"

அவர் என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. சாமி கும்பிடுகிறவனான எனக்குத் தெரிந்திருக்கும் என்று கேட்டார். அம்மனிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்டார்.

"கற்பூரம் பெருசாச்சே மாப்ளே" என்றேன்.

என் வாழ்நாளில் நான் பேசியவற்றில் ஒன்றைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் முதலாளியிடம் சொன்ன பொய்யைக்கூட விட்டுவிடுவேன். இந்த மூன்று வார்த்தையைத்தான் வாங்கிக்கொள்வேன். அந்த மனுஷன் தன் சாமியையே சந்தேகப்பட்டுக்கொண்டு திரும்பிப் போனார்.

அந்த மாசமே அவர் வேலையை விட்டார். குடும்பத்தோடு காரியாபட்டிக்கு, மனைவியின் ஊருக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். ஆயுத பூஜை அன்று எல்லாரும் கைதட்ட நான் கடிகாரம் வாங்கினேன்.

இதற்குமேல் ஒன்று இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் போன மறுநாளே, மனசு பொறுக்காமல், சீட்டுக்குப் பின்னால் இருந்த டின்னை எடுத்து அந்த வண்டிக்கு ஊற்றினேன். செல்ப் மோட்டாரையும் கழற்றிச் சரிபண்ணினேன். பாவத்தில் பாதியாவது கழியட்டும் என்று. புதிதாக வந்த டிரைவர் யாருக்கும் காத்திருக்காதவர். அடுத்த மாசம் அந்த வண்டி பன்னிரண்டரை கொடுத்தது.

"பாத்தியா ராமரு, ஆள் போனதும் வண்டி தன்னால சரியாயிருச்சு" என்று முதலாளி என் தோளைத் தட்டினார்.

பரிகாரம் என்று நான் செய்தது அவர் தலையில் விழுந்த இன்னொரு கல்லாகிவிட்டது. வாயால் செய்த பாவத்துக்கு வாயால்தான் கழுவ வேண்டும். கையால் திருட்டுத்தனமாகக் கழுவப்போனால் இப்படித்தான்.

காரியாபட்டி பஸ்

வருஷங்கள் ஓடின. முதலாளி காலமாகிவிட்டார். கம்பெனி கைமாறிவிட்டது. நான் வண்டி ஓட்டுவதை நிறுத்தினேன். வெள்ளிக்கிழமை விரதம், மார்கழி பூஜை, எதையும் விட்டதில்லை. பூஜை அறையில் நின்று கண்ணீர் விடுவேன். என் மனைவி பாண்டியம்மாளிடம் ஒருநாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் கூலிக்கு வந்த காலண்டர்களின் விளிம்பில் தகரப்பட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவே இல்லை. "இம்புட்டு வருசம் சாமி ரூம்புல போய் நிக்கீகளே, அந்த நேரத்துல காரியாபட்டிக்கு ஒரு பஸ் ஏறியிருக்கலாம்ல?" என்றாள்.

மறுநாள் காலை ஏறினேன்.

கடைத்தெருவில் விசாரித்ததும் காட்டிவிட்டார்கள். சீனிச்சாமி சொந்தமாக ஒரு லோடு ஆட்டோ வைத்து வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "ஏலே ராமரு!" என்று சிரித்தார். தோளில் கையைப் போட்டு, டீ வாங்கிக் கொடுத்தார். வீட்டில் எல்லாரும் எப்படி இருக்கீக என்று விசாரித்தார். அந்தக் கையைப் பார்த்தேன். மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்துப்போயிருந்தது. வேறு அடையாளம் எதுவும் தெரியவில்லை.

டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். ஒரு டின் கிடைத்தது, பேரலில் பிடித்து ஊற்றியது, முதலாளி கேட்டதற்குச் சொன்னது, எல்லாம். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். டிரைவர் அல்லவா, கடைசியில் ஆயிலைப் பற்றித்தான் கேட்டார்.

"ரெண்டாவது டின்னு எப்ப வந்துச்சு?"

"அடுத்த வாரமே."

"எங்கன வச்சிருந்தே?"

"என் சீட்டுக்குப் பின்னால."

"அந்த மஞ்ச டின்னா?" அவர் கண்ணைச் சுருக்கினார். "சிவகாசிக்குப் பல்லுப் புடுங்கப் போனப்ப ஒன் வண்டிலதானடா வந்தேன். அதுமேல சாஞ்சு தூங்கிட்டே வந்தேன்."

"ஆமா மாப்ளே."

"அப்பக்கூடச் சொல்லணும்னு தோணல?"

நான் அவர் காலில் விழப் போனேன். பிடித்து நிறுத்தினார். அன்பாகப் பிடித்தார் என்று சொல்ல மாட்டேன். கடைத்தெருவில் விழாதே என்று பிடித்தார்.

"எங்கிட்டச் சொல்ல எதுக்குலே இம்புட்டுத் தூரம் வந்தே? நான் எடுக்கலேன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். தெரியாதவுகட்டப் போய்ச் சொல்லு."

சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த மூட்டைக்குப் போய்விட்டார். நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அவர் திரும்பவில்லை. டீக்கு நான் கொடுக்கப் போன காசையும் கடைக்காரர் வாங்கவில்லை, அவர் கொடுத்துவிட்டாராம்.

அதனால்தான் எழுதினேன். தெரியாதவர்கள் ஆறு ஊரில் இருக்கிறார்கள். அந்த வண்டிப் பலகையில் உட்கார்ந்து வந்தவர்கள், அவர்களுடைய மருமக்கள், பேரன் பேத்திகள். அந்தக் கதை இன்னும் அங்கே பேசப்படுகிறது என்று எனக்குத் தெரியும். போன வருஷம் ஒரு கல்யாண வீட்டில், கற்பூரம் சுட்ட கதை என்று ஒரு சின்னப் பையன் என்னிடமே சொன்னான். அவன் சொன்னதில் சீனிச்சாமியின் கை முழங்கை வரை வெந்திருந்தது. அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது சாத்தூர், சிவகாசி, ஏழாயிரம்பண்ணைப் பக்கம் சொந்தபந்தம் இருந்தால், இதை அவர்களிடம் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். சீனிச்சாமி டீசல் எடுக்கவில்லை. ஆயிலில் வஞ்சனை செய்தது ராமர் என்கிற நான். அவர் கை வெந்தது, பயப்படாமல் வைத்திருந்ததால்.

சொல்லும்போது கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். எனக்காக இரக்கப்பட்டு, கடைசியில் அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று ஒரு வரியைச் சேர்த்துவிடாதீர்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை.